ஏழையின் கூடும் கனவானின் தூண்டிலும்

சிறு வயதில் வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டு அமர்ந்திராதவர் நம்முள் சிலரே இருப்பர். மூங்கிற் கழி ஒன்று. அதன் நுனியில் நூல். மிதப்பதற்கு மயிலிறகின் தண்டு. தேங்காய்ச் சிரட்டையில் ஈர மண்ணோடு சில மண்புழுக்கள். இவ்வளவே நம் தளவாடம். மீன் கிடைத்ததோ இல்லையோ, பொழுது இனிதே கழிந்தது. ஆனால் அதே வாய்க்காலில் வேறொருவர் வைத்திருந்த மீன்கூட்டை ஒரு நாளாவது மெல்லத் தூக்கிப் பார்த்து, உள்ளே துள்ளிய விராலின் மேல் ஆசை கொண்டதும் நம் நினைவில் இருக்கத்தான் செய்கிறது. பொழுதுபோக்காக மீன் பிடிப்பவனும் பிழைப்புக்காகக் கூடு வைப்பவனும் ஒரே நீரில் சந்திக்கும் அந்த இடத்தில் அறத்தைப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்கேள்விக்கு விடை சொன்ன ஒரு சிறு நூலைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

நூலும் அதன் ஆசிரியரும்

1486-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஒரு நூல் அச்சாயிற்று. வேட்டைப் பருந்து வளர்ப்பு, வேட்டை, உயர்குடியினரின் குலச்சின்னங்கள் ஆகியவற்றைக் கூறும் அந்நூலை ஊரின் பெயராலேயே செயின்ட் ஆல்பன்ஸ் நூல் என்பர். பத்தாண்டுகள் கழித்து, 1496-இல், வில்லியம் காக்ஸ்டனின் அச்சகத்தை அவருக்குப் பின் ஏற்று நடத்திய விங்கின் த வோர்ட் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அதை மறுபடியும் அச்சிட்டார். அப்பதிப்பில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்தது. தூண்டிலால் மீன் பிடிப்பதைப் பற்றிய கட்டுரை அது. இப்பொருள் குறித்து ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூல் இதுவே என்பர்.

இதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் என்றும், அவர் செயின்ட் ஆல்பன்ஸ் அருகே இருந்த சோப்வெல் மடத்தின் தலைவி என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. சோப்வெல், 1140-இல் நிறுவப்பெற்ற புனித ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடம். எட்டாம் ஹென்றி மன்னர் துறவு மடங்களைக் கலைத்தபோது, 1537-இல், அதுவும் மறைந்தது. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. 1486-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேட்டைப் பகுதியின் முடிவில்தான் அந்த அம்மையாரின் பெயர் காணப்படுகிறது. தூண்டில் கட்டுரையில் யாருடைய பெயரும் இல்லை. அவர் மடத்தலைவியாக இருந்ததற்கு ஆவணச் சான்றும் இல்லை. எனவே ஆசிரியர் கன்னியரா, இல்லறத்தாரா என்று அறுதியிட இயலாது. எழுதியவர் எவராயினும், திருச்சபையின் ஆண்டு வட்டத்திலும் செபத்திலும் ஊறிய உள்ளம் உடையவர் என்பதை அவருடைய எழுத்தே காட்டிவிடுகிறது.

கோலும் கயிறும் முள்ளும்

அக்காலத்தில் தூண்டிலைக் கடையில் வாங்கும் வழக்கம் இல்லை. வேண்டியவன் தானே செய்துகொள்ள வேண்டும். கோல் செய்வதற்குரிய மரத்தை வெட்டும் காலத்தை நூலாசிரியர் திருநாட்களைக் கொண்டே குறிக்கிறார். அதிதூதர் மிக்கேல் திருநாளாகிய செப்டம்பர் 29-க்கும், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளாகிய பெப்ரவரி 2-க்கும் இடையே வெட்ட வேண்டும் என்கிறார். அது மரத்தின் நீரோட்டம் அடங்கியிருக்கும் குளிர்காலம். அடிக்கோலின் நீளம் ஏறத்தாழ ஒன்பது அடி. நம் கடலோர மக்களின் கணக்கில் ஒன்றரைப் பாகம். அதைச் சூடேற்றி நிமிர்த்தி, ஒரு மாத காலம் உலரவைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உள்ளே துளைத்துக் குழலாக்குவர். மெல்லிய நுனிக்கோல் அக்குழலுக்குள் ஒளிந்துகொள்ளும். கையில் அதை ஊன்றிச் செல்பவர் எதற்காகப் போகிறார் என்று வழியில் காண்போர் அறியார்!

கயிறு வெள்ளைக் குதிரையின் வால்மயிரால் ஆனது. நீரின் நிறத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப அதற்குச் சாயம் ஏற்றுவர். எந்த மீனுக்கு எத்தனை இழை என்பதற்கும் கணக்கு உண்டு. மிகச் சிறிய மீனுக்கு ஒற்றை மயிர் போதும். டிரவுட் மீனுக்கு ஒன்பது இழை; பெரிய டிரவுட்டுக்குப் பன்னிரண்டு; சால்மனுக்குப் பதினைந்து. இழையைத் தேவைக்கு மேல் தடிப்பாக்கினால் மீன் கண்டுகொள்ளும்; குறைத்தால் அறுத்துக்கொண்டு போகும்.

வேலைகள் அனைத்திலும் நுட்பமானது முள் செய்வதே என்கிறார் ஆசிரியர். சிறு முள்ளுக்குச் சிறிய ஊசி, பெரியவற்றுக்குப் பூத்தையல்காரரின் ஊசியும் தையற்காரரின் ஊசியும் செம்மாரின் ஊசியும் என எடுத்து, கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுவர். இளகிய ஊசியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரை எழுப்பி, வளைத்து, மீண்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது உறுதி பெறும். இரை வைப்பதோடு, இறகும் நூலும் கொண்டு பூச்சியின் உருவில் கட்டும் பன்னிரண்டு போலி ஈக்களையும், அவை பயன்படும் மாதங்களையும் வகுத்துச் சொல்கிறது இந்நூல்.

இவ்வளவும் செய்து முடித்தவன் பொறுமையைக் கற்றிருப்பான். மீன் அகப்பட்டபின்னும் அவனுக்கு அவசரம் ஆகாது. கயிறு நேராக விறைத்து நிற்க விடலாகாது. கோலின் வளைவே மீனின் வேகத்தைத் தாங்க வேண்டும். கரையில் நிற்பவனின் நிழல்கூட நீரில் விழலாகாது.

நான்கு விளையாட்டுகள்

உள்ளத்து மகிழ்ச்சி உடலுக்கு நலம் என்று நீதிமொழிகள் நூலில் சாலமோன் கூறியதை முன்வைத்தே இக்கட்டுரை தொடங்குகிறது. வேட்டை, பருந்தாட்டம், பறவை பிடித்தல், தூண்டில் ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்க்கிறார் ஆசிரியர். வேட்டைக்காரன் நாய்களின் பின்னே நாளெல்லாம் ஓடுகிறான். கொம்பூதி ஊதி அவன் உதடுகள் கொப்பளிக்கின்றன. முயல் என்று துரத்தியது முள்ளெலியாய் முடிகிறது. பருந்தாட்டக்காரன் விட்ட பருந்து திரும்புவதில்லை. பறவை பிடிப்பவன் பனியில் நனைந்து வெறுங்கையோடு வீடு சேர்கிறான். தூண்டிற்காரனுக்கோ மிஞ்சிப்போனால் ஒரு முள்ளும் சிறிது கயிறும் நட்டம். மீனே கிடைக்காவிடினும் காலைக் காற்றும், புல்வெளிப் பூக்களின் மணமும், பறவைகளின் இசையும், நீரில் நீந்தும் அன்னங்களின் காட்சியும் அவனுக்கு உண்டு.

இந்த ஒப்பீட்டின் பின்னே திருச்சபையின் மரபும் நிற்கிறது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதையும், வேட்டை நாயும் பருந்தும் வைத்திருப்பதையும் தடை செய்தது. மீன் பிடித்தலை அத்தடை தொடவில்லை. மேலும் வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் சுத்த போசனம் காத்த அக்கால மக்களுக்கு மீன் இன்றியமையாத உணவு. மடங்கள் பலவற்றில் மீன் குளங்களும் இருந்தன.

கரையோர ஒழுக்கம்

செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் வேட்டைப் பகுதியில் ஒழுக்கம் என்பது பெரும்பாலும் சொல்லைப் பற்றியது. ஒவ்வொரு வயதிலும் கலைமானை எப்பெயரால் அழைப்பது, எந்த விலங்கின் கூட்டத்திற்கு எச்சொல் என்பவை அதில் விரிவாக உண்டு. அச்சொற்களை அறிந்தவனே உயர்குடிப் பிறந்தவன் என்று எண்ணினர். தூண்டில் கட்டுரையின் முடிவுப் பகுதிக்கு வருவோமானால், காற்று வேறு திசையில் வீசக் காண்கிறோம்.

ஏழை ஒருவனுக்கு உரிமையான குளத்தில் அவனுடைய அனுமதியும் மனமார்ந்த இசைவும் இன்றித் தூண்டில் போடலாகாது. இதுவே தலையாய விதி. பிறர் வைத்த கூடுகளை உடைக்கலாகாது. அவற்றில் விழுந்த மீனை எடுக்கலாகாது. பொது நீரிலோ குத்தகை நீரிலோ வைத்த கூட்டில் ஒரு மீன் விழுந்துவிட்டால், அந்நொடியே அது கூட்டுக்காரனின் சொந்தப் பொருள். அதை எடுப்பது களவு. கள்வருக்கே உரிய இழிசெயல். வேலியை மிதித்துப் பிய்க்கலாகாது. திறந்த படலை மூடாமல் போகலாகாது.

அடுத்த விதிகள் உள்ளத்தை நோக்கியவை. பணம் சேர்க்கும் ஆசையால் இதைச் செய்யலாகாது. உடல் நலத்திற்கும், சிறப்பாக ஆன்ம நலத்திற்கும் செய்க. பெருங்கூட்டமாய்ப் போக வேண்டா. தனியே போனால் வழக்கமான செபங்களைப் பக்தியோடு சொல்லலாம். சோம்பலும் அதனால் விளையும் தீமைகளும் அண்டா. ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்க வேண்டா. உணவுக்குப் போதுமானது கிடைத்ததும் கோலை மடக்குக. பேராசை உன் மகிழ்ச்சியையும் அழிக்கும், பிறர் மகிழ்ச்சியையும் அழிக்கும். இவ்விதிகளைக் காப்போருக்கு இறைவனின் ஆசியும் புனித பேதுருவின் ஆசியும் உண்டு என்று முடிக்கிறார் ஆசிரியர். குஞ்சுகளோடு தாய்ப் பறவையையும் சேர்த்து எடுக்கலாகாது என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளையை அறிந்தவர்களுக்கு இது புதிய போதனை அன்று. பழைய போதனையே ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறது.

ஒரு முரண்

இவ்வளவு உயர்வாகப் பேசிய நூலில் நம்மை உறுத்தும் ஓர் இடமும் இருக்கிறது. இக்கட்டுரையைத் தனிச் சிறு நூலாக வெளியிடாமல் பெரிய நூலோடு சேர்த்ததன் காரணத்தை அதன் இறுதியில் காண்கிறோம். சிறு நூலாயின் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வேலையற்றவர்கள் அதை வாங்கி, மீன் வளத்தையே அழித்துவிடுவர். ஆகவே கனவான்கள் மட்டுமே வாங்கக்கூடிய பெருநூலில் இதைச் சேர்த்தோம் என்பதே அதன் கருத்து.

ஏழையின் கூட்டைக் காத்த அதே கை, ஏழையின் கைக்கு நூல் எட்டாதபடியும் செய்துவிட்டது. அக்கால இங்கிலாந்தின் நிலை அதுவே. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத பொதுநிலையினர் வேட்டை நாயோ வலையோ வைத்திருக்கலாகாது என்று 1390-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. நல்ல கிறிஸ்தவர்கள் திருநாட்களில் கோவிலில் இருக்கும்போது தொழிலாளர்கள் வேட்டைக்குப் போகிறார்கள் என்பது அச்சட்டம் கூறிய காரணங்களுள் ஒன்று! பேராசை ஏழைக்கு மட்டுமே உரிய குணம் என்று எண்ணுவது எல்லாக் காலத்துக் கனவான்களுக்கும் எளிதாகவே இருந்திருக்கிறது.

ஆங்கிலேயரின் தூண்டில் வழக்கம் கடல் கடந்து நம் மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதினார். 1877-இல் உதகையில் வேட்டைச் சங்கம் ஒன்று எழுந்தது. 1879-இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது. நம் ஓடைகளுக்கு அயலான டிரவுட் மீனும் அம்மலை நீர்களில் விடப்பட்டது. வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடுத்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், காலமும் அளவும் குறித்த விதிகள் சட்டமாகி மலையேறின. எளியவனின் கூட்டைத் தொடாதே என்ற முதல் விதிக்கு அதே இடம் கிடைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. காட்டையும் ஓடையையும் நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள் இவ்விதிகளை வகுத்த அவைகளில் அமர்ந்திருக்கவில்லை.

நமக்கு உரிய பாடம்

இன்று வேட்டை நம் நாட்டில் பொழுதுபோக்காக இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தூண்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. குதிரை மயிர் போய் நைலான் நரம்பு வந்துவிட்டது. கோலும் சுருளும் கடையில் கிடைக்கின்றன. கட்டுமானத்தில் கற்றுக்கொண்ட பொறுமையைப் பணத்தால் வாங்க முடியாது என்பதே குறை. விடுமுறையில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லும் நாம், அங்கே பிழைப்பவரின் வலை உலரும் இடத்தை மிதிக்கிறோமா, அவர் கூடு வைத்த நீரைக் கலக்குகிறோமா, உண்ண முடியாத அளவுக்குப் பிடித்துக் கரையில் வீசிவிட்டு வருகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களின் வருமான இழப்பைத் தாங்குவோர் நம் கடலோரப் பங்குகளின் குடும்பங்கள். மீன் பெருகட்டும் என்று அடுப்பை ஒடுக்கிக்கொள்ளும் அவர்களிடம், அளவைப் பற்றிப் பேசுமுன் நாம் கற்க வேண்டியது மிகுதி.

நற்செய்திகளில் வலையைப் பலமுறை காண்கிறோம். தூண்டிலை ஒரே ஒரு முறைதான் காண்கிறோம். கோவில் வரி கேட்டு வந்தவர்களுக்கு இடறலாய் இருக்கலாகாது என்பதற்காகவே, கடலுக்குப் போய்த் தூண்டில் போடுமாறு ஆண்டவர் பேதுருவைப் பணித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அன்று பிடிக்கச் சொன்னதும் ஒரே மீன். அதன் வாயில் இருந்த நாணயம் இருவருக்கும் போதுமானதாயிற்று. பிறருக்கு இடறல் ஆகாதபடி, தேவைக்கு மிஞ்சாதபடி வீசிய அத்தூண்டிலைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டுமோ?