நியூமோகொக்கசின் உறையும் பொற்சுரங்கத் தொழிலாளரும்

பரம்பரைப் பொருள் டீ.என்.ஏ. என்பதற்கு 1944இல் ஏவெறி, மக்லியொட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் சான்று காட்டிய கதை நம் மாணவர் அறிந்ததே. அவ்வாய்வுக்கு இடமளித்தது நியூமோகொக்கசு என்னும் பற்றீரியாவின் சர்க்கரையுறை. அவ்வுறை பற்றிய அறிவு எவருடைய நோயிலிருந்து திரட்டப்பட்டது என்ற வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை.

தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களுக்கு வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் தொழிலாளர், நெருக்கமான கொட்டில்களில் நியூமோனியாவால் பெருந்தொகையாக இறந்தனர். உழைப்புச் சக்தியின் இழப்பைக் கண்டு கவலையுற்ற சுரங்க முதலாளிகள் 1911இல் இலண்டனிலிருந்து அல்ம்றோத் றைற்றை அழைத்தனர். கொட்டிலைத் திருத்துவதிலும் ஊசி மலிவானதன்றோ! பல்லாயிரவர்க்கு ஊசி ஏற்றப்பட்டும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. இப்பற்றீரியாவில் வேறுபட்ட வகைகள் உள என 1910இலேயே ஜேர்மனியில் நொய்பெல்டும் ஹென்டலும் காட்டியிருந்தனர். றைற் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஜொகனஸ்பேர்க்கில் லிஸ்ரர் என்பாரே தொழிலாளரின் தொற்றுக்களை வகை வகையாகப் பிரித்தறிந்தார். பின்னர் அழைக்கப்பட்ட பனாமாக் கால்வாய்ப் புகழ் கோர்காஸ், தங்குமிட நெருக்கத்தைக் குறைக்குமாறு பரிந்துரைத்தார். நாம் அறிந்தவரை அக்காலத்து நேர்மையான மருத்துவ ஆலோசனை அதுவே.

வகைகளை வேறுபடுத்தும் பிறபொருளெதிரியாக்கி புரதமன்று, பல்சக்கரைட்டே என 1923இல் ஹைடல்பேர்கரும் ஏவெறியும் எடுத்துரைத்தபோது பலர் நம்ப மறுத்தனர். 1928இல் இலண்டனில் கிறிபித், உறையிழந்த இரண்டாம் வகை உயிருள்ள பற்றீரியாவையும், வெப்பத்தாற் கொல்லப்பட்ட மூன்றாம் வகையையும் ஒருங்கே எலிகளுக்கு ஏற்றினார். இறந்த எலிகளில் உயிருள்ள மூன்றாம் வகை காணப்பட்டது. உறையை ஆக்கும் ஆற்றல் இறந்ததிலிருந்து வாழ்வதற்குக் கைமாறியிருந்தது. அதனைக் கடத்திய பொருளையே ஏவெறி குழுவினர் பின்னர் இனங்கண்டனர்.

பெரும்பாலான வகைகளில் உறைக்குரிய பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் ஒரே இடத்தில் தொடராக அமைந்துள்ளன. அத்தொடரின் இரு மருங்கும் வகைகளுக்குப் பொதுவாயிருத்தலால், வேறொரு வகையின் டீ.என்.ஏ. உட்புகுந்து நடுப்பகுதியை முழுமையாக மாற்றிவிடல் கூடும். 2006இல் 90 வகைகளின் தொடர்கள் வாசிக்கப்பட்டன. இன்று அறியப்பட்டவை நூற்றுக்கு மேற்பட்டன.

1970களில் அமெரிக்கரான ஒஸ்ரியன் தமது பல்சக்கரைட்டுத் தடுப்பூசியைச் சோதித்ததும் அதே தென்னாபிரிக்கப் பொற்சுரங்கத் தொழிலாளரிடத்தேதான். 14 வகைகளுக்கான அவ்வூசி 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது இரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிற் போதிய பயன் தரவில்லை. அவர்களுக்கென, உறைப்பொருளைப் புரதத்துடன் இணைத்து ஆக்கப்பட்ட ஊசி 2000இல் வந்தது. ஏழு வகைகளைக் கொண்ட அது அமெரிக்கக் குழந்தைகளின் தொற்றுக்களையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் கொடிய நோய் விளைவிக்கும் 1ஆம், 5ஆம் வகைகள் அதில் இடம்பெறவில்லை. அவ்விரண்டும் உட்பட்ட ஊசிகள் 2009, 2010ஆம் ஆண்டளவிலேயே அனுமதி பெற்றன.