பரணில் கிடக்கும் காகிதமும் வரலாறுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நாகல் நகரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம். பரண்ல தாத்தாவோட டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம் கிடக்கு. பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுரலாமா?" என்று கேட்டான். போடாதே என்றேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நம் ஊரின் கதை நமக்கு எப்படித் தெரிகிறது? 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தின்படி திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அதன் பிறகு கலெக்டர்கள் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பாளையம் எவ்வளவு கிஸ்தி கட்டியது, யார் கட்டவில்லை, எங்கே கலகம் என்று எல்லாம் ஏட்டில் ஏறியது. அப்படிப்பட்ட ஏடுகள்தான் சென்னை எழும்பூரில், 1909-ல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருக்கின்றன. இன்று அதன் பெயர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்ட நூலுக்கும், 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியருக்கும் இதுபோன்ற அரசாங்கக் காகிதங்கள்தான் அடிப்படை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி சாலையில் போனால் விருப்பாச்சி. அங்கே பாளையக்காரராக இருந்த கோபால நாயக்கர், கம்பெனிக்கு எதிராகப் பல பாளையங்களை ஒன்று சேர்த்தவர். 1801-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 16-ல் சின்ன மருது விடுத்த அறிவிப்பு திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்தச் சுவரொட்டியை மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்தவர்கள் யார் தெரியுமா? கம்பெனிக்காரர்களே! பயத்தில் பத்திரப்படுத்தினார்கள். அந்தப் பயம்தான் மருதுவின் குரலை நமக்கு மிச்சம் வைத்தது. கம்பெனி ஏட்டில் இவர்கள் கலகக்காரர்கள். பேராசிரியர் கே. ராஜய்யன் அதே ஏடுகளைப் படித்துவிட்டு, 1971-ல் இதையே முதல் சுதந்திரப் போர் என்று நூலாக எழுதினார். காகிதம் மாறவில்லை; படித்த கண் மாறியது. காகிதமே இல்லாமல் போயிருந்தால்?

நம் நாகல் நகர் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு இன்னொரு கதை தெரிந்திருக்கும். ராணி மங்கம்மாள் காலத்தில் மதுரையில் உபாகர்மச் சடங்கு செய்ததற்காகப் பட்டுநூல்காரர்கள் 18 பேரைப் பிடித்து அடைத்தார்கள். ராணி சாஸ்திரம் கற்றவர்களைக் கூட்டி விசாரித்து, சடங்கு செய்ய உரிமை உண்டு என்று ஓலையில் தீர்ப்பு எழுதிக் கொடுத்தார். இருநூறு வருடம் கழித்தும் அந்த ஓலையைச் சாட்சியாகக் காட்டினார்கள். பிரான்சிஸும் தன் கெசட்டியரில் எழுதி வைத்தார். ஓர் ஓலை ஒரு சமூகத்தையே தாங்கியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் அரசாங்க ஏட்டில் எல்லாம் இருக்காது. வரி கட்டினவன் இருப்பான், எதிர்த்தவன் இருப்பான். தறியில் உட்கார்ந்தவனுக்கு வாரக் கூலி எவ்வளவு, அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் என்ன மொய் எழுதினார்கள் என்பது அங்கே கிடைக்காது. நம் ஊர்த் தோல் ஷாப் தொழிலாளர்களின் பாட்டைச் சொல்ல, இங்கே வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் ஒரு நாவலே எழுத வேண்டியிருந்தது. அந்தத் 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

அரசியலிலும் இதே நிலைதான். 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தலை என் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். வென்றவர் யார் என்பது தேர்தல் கமிஷன் கணக்கில் இருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் கொடுத்த நோட்டீஸ்கள்? அவை யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால்தான் உண்டு.

"இதையெல்லாம் சேர்த்து வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைத்தான் சொல்வேன். போர்டு எழுதும் ஓவியர். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் சேர்ந்தது. 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்:

1. பழைய பத்திரம், வரி ரசீது, நெசவாளர் சங்க பாஸ்புத்தகம், கூலிக் கணக்கு நோட்டு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கடிதம், போட்டோ எதையும் எடைக்குப் போடாதீர்கள். சௌராஷ்டிர எழுத்தில் இருந்தால் இன்னும் பத்திரம். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

2. லேமினேஷன் வேண்டாம். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். காய்ந்த இடத்தில் விரித்து வையுங்கள்.

3. செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். போட்டோவின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலால் லேசாக எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

4. சொத்துப் பத்திரத்தைப் படம் எடுத்துக் குரூப்பில் போடாதீர்கள். அது வீட்டோடு இருக்கட்டும்.

5. ஆவணக் காப்பகத்தில் தேடுபவர்கள் மதுரை ஜில்லா என்று தேடுங்கள். 1985 செப்டம்பர் 15 வரை நாம் மதுரையோடுதான் இருந்தோம்.

வகுப்பில் அரசர்கள் வரலாற்றை உங்களுக்கு நடத்தினேன். அதற்குப் பாடப்புத்தகம் இருந்தது. உங்கள் தாத்தா பாட்டியின் வரலாற்றுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அந்த டிரங்குப் பெட்டிதான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்