அந்திமந்தாரை வந்த வழி

நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பாராட்டுக் கடிதம். அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். மற்றொன்று தவறு கண்டுபிடித்து எழுதும் கடிதம். அதை நாம் மடித்து வைத்தாலும் அது நம்மை விடாது. இரவு படுத்த பிறகு காதோரம் வந்து கொசுவைப் போல் ரீங்காரம் செய்யும்.

அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்தது. ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சாவூரை வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். போருக்குப் போன கணவனை எதிர்பார்த்து ஒரு பெண் மாலை நேரத்தில் வாசலில் நிற்கிறாள். அவள் காலடியில் அந்திமந்தாரை மலர்ந்திருக்கிறது. அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தபோது எனக்குப் பரம திருப்தி. கடிதம் எழுதியவரோ ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். நாலே வரிதான். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ஆம் ஆண்டில். கொலம்பஸ் அமெரிக்கப் பக்கம் கப்பல் விட்டது 1492-இல். அந்திமந்தாரையோ அமெரிக்கச் செடி. ஆகவே தங்கள் கதாநாயகியின் வாசலில் அது ஐந்நூறு வருஷம் முந்திப் பூத்துவிட்டது என்பது கடிதத்தின் சாரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்திமந்தாரை அந்நியச் செடியா? பெயரைப் பார்த்தால் ஏதோ பழைய தேவாரத் தலத்து நந்தவனத்தில் பிறந்தது போலல்லவா இருக்கிறது! புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆசிரியர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அந்தச் செடிக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே 'பெரு நாட்டு அதிசயம்' என்பதுதான்.

மறுநாள் காலையில் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, என் வீட்டு வாசல் தோட்டத்தில் ஒரு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தேன். இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள சிறு தோட்டம். அதில் யார் எந்த ஊர் என்று விசாரித்தபோது வெளிவந்த விஷயங்கள் ஒரு சரித்திரப் புத்தகத்துக்குக் காணும்.

வாசற்கதவின் மேல் படர்ந்திருக்கும் காகிதப் பூ பிரேசில் நாட்டது. 1766-இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைக்காரர் பூகன்வில் என்பவருடைய பெயர்தான் அதற்கு. வரிசையாக நின்ற குரோட்டன்ஸ் கிழக்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தது. மஞ்சள் செண்டுப்பூ மெக்ஸிகோவிலிருந்து வந்தது. ஸ்வாமிக்குத் தினம் பறிக்கிற நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவில் பிறந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். தெருக்கோடிச் சிவன் கோயிலில் நாம் பக்தியோடு வலம் வருகிற நாகலிங்க மரம்கூடத் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

நம்முடைய முன்னோர் சில செடிகளின் பெயரில் 'சீமை' என்று முத்திரை குத்தி வைத்தார்கள். சீமைக் கருவேல், சீமை அகத்தி என்று சொன்னவுடனேயே ஊர் தெரிந்துவிடுகிறது. ஆனால் அழகாகப் பூத்தவற்றுக்கு மட்டும் முத்திரை குத்த மனம் வரவில்லை போலிருக்கிறது. நல்ல தமிழ்ப் பெயரோ வடமொழிப் பெயரோ சூட்டி வீட்டோடு சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

கணக்கு முடிந்தபோது, நம் மண்ணிலேயே பிறந்தவை என்று சொல்லத் துளசி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை ஆக மூன்றுதான் தேறின. ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "அந்திமந்தாரையை முதலில் பிடுங்கிவிட்டு மறுவேலை!" என்றேன்.

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "உங்கள் கதையில் நீங்கள் செய்த தப்புக்கு என் செடி என்ன பண்ணும்? இது அம்மா கொடுத்த விதை" என்றாள்.

என் மாமியார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த வீடும் கைமாறிவிட்டது. அந்த வீட்டிலிருந்து மிஞ்சியிருப்பது, வருஷா வருஷம் விழுந்து முளைக்கிற மிளகு போன்ற இந்தக் கறுப்பு விதைகள்தாம். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் கேள்வியைக் கீழே வைக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்த செடி எல்லாமே குற்றவாளியா? இல்லையென்றால், எதை வைத்துக் குற்றத்தைத் தீர்மானிப்பது?

சரித்திரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. நம் கிராமங்களில் வேலிக்கு வைத்த சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்கச் செடிதான். அந்தக் கள்ளியின் மேல் வாழும் ஒரு பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயின் தேசத்தார் கொழித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு நாக்கில் ஜலம் ஊறியது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் சைதாப்பேட்டைப் பக்கத்தில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது அசல் பூச்சி அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரன்! சாயம் மட்டம்; கள்ளியைத் தின்பதில் மட்டும் சூரன். வியாபாரம் படுத்தது. கள்ளியில் வேறொரு ஜாதியோ வேலியைத் தாண்டி வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் புகுந்து மனிதரையும் மாட்டையும் விரட்டியது. கடைசியில் 1926-இல், அந்த ஜாதியைத் தின்னும் இன்னொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான், சில ஆண்டுகளில் நிலம் விடுதலை பெற்றது.

உண்ணிச் செடியின் கதை இன்னும் மோசம். பல நிறப் பூவுக்கு ஆசைப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு வரவழைத்தார்கள். பங்களா வாசல்களில் அது அலங்காரமாக நின்றது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோயின. இன்று முதுமலைக் காட்டில் போய்ப் பாருங்கள். மான் மேய வேண்டிய புல் இருந்த இடத்தில் அது புதராக மண்டிக் கிடக்கிறது. ஒருவர் வீட்டு வாசலின் அழகு நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் மானின் பட்டினியாக முடியும் என்று நட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் ஒரு சட்டம் செய்துகொண்டேன். வேலிக்குள் அடங்கியிருக்கிற விருந்தாளி இருக்கலாம். வேலி தாண்டுகிறவன் போக வேண்டும். அந்திமந்தாரை தப்பியது. நர்சரியில் நான் ஆசையாக வாங்கிவந்த உண்ணிச் செடித் தொட்டி வேரோடு போயிற்று. குரோட்டன்ஸும் பாதி போயிற்று. அது செய்த குற்றம் ஒன்றுமில்லை, இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நம் ஊர்ச் செடிகளை வைக்கப் புறப்பட்டேன். நர்சரியில் போய்த் தும்பை கேட்டேன். "களையையா ஸார் கேட்கிறீர்கள்?" என்று சிரித்தார்கள். போர்க்களத்துக்குப் போன தமிழ் வீரன் தலையில் சூடிய பூ அது! ஆநிரை கவரப் போனவன் சூடிய வெட்சிக்கு இப்போது இட்லிப் பூ என்று பெயர். வீரத்திலிருந்து பலகாரத்துக்கு வந்துவிட்டோம். தும்பை விதையைக் காலி மனை ஒன்றிலிருந்து பொறுக்கி வந்தேன். வெட்சியும் கனகாம்பரமும் வைத்தேன். மழை பெய்ததும் தும்பை தானாகவே முளைத்தது.

கறிவேப்பிலையில் பச்சைப் புழுக்கள் வந்தன. மருந்தடிக்கப் போன மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன். சில வாரங்களில், வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்தச் செடியருகே சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. குரோட்டன்ஸ் இலையை ஒரு புழுவும் சீந்தி நான் பார்த்ததில்லை. நம் செடியும் நம் புழுவும் பல்லாயிரம் வருஷம் பழகிய உறவுக்காரர்கள். ஒருவர் இலையில் மற்றவர் உட்கார்ந்து சாப்பிடுகிற பாத்தியதை அவர்களுக்கு உண்டு.

கடைசியாக, வாசல் தூணோரம் முல்லைப் பதியன் ஒன்றை வைத்தேன். ஒரு நாள் மாலை அது முதல் தடவையாக மலர்ந்தபோதுதான் என் மர மண்டையில் உறைத்தது. தொல்காப்பியம் படித்த எவரும் சொல்வார்கள்: முல்லைக்குரிய பொழுது மாலை, முல்லைக்குரிய ஒழுக்கம், பிரிந்து போன கணவன் வரும்வரை ஆற்றியிருத்தல். போருக்குப் போனவனுக்காக மாலை வேளையில் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு எந்தப் பூ வேண்டும் என்று தமிழன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறான். நானோ அதை விட்டுவிட்டுப் பெரு நாட்டுக்குக் கப்பல் ஏறியிருக்கிறேன்!

அடுத்த பதிப்பில் திருத்திவிட்டேன். கதாநாயகியின் வாசலில் இப்போது முல்லை இருக்கிறது. ஆசிரியருக்கும் நன்றி எழுதிப் போட்டேன்.

என் வாசலில் இரண்டும் இருக்கின்றன. சாயங்காலம் அந்திமந்தாரைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் மனைவி. முல்லைக்கு ஊற்றுவது நான்.