கீசர் பராமரிப்பு

கீசர் என்றும் வாட்டர் ஹீட்டர் என்றும் வீடுகளில் வழங்கும் மின் வெந்நீர்க் கலன், மூடிய தொட்டியில் நீரைத் தேக்கி மின்காயிலால் சூடாக்கித் தருவது. எரிவாயுவில் தானாக இயங்கும் தொட்டி வகையை அமெரிக்காவில் எட்வின் ரூட் 1889இல் உருவாக்கினார். இந்தியாவில் விற்கப்படும் தொட்டி வகைக்கான தர விதி ஐ.எஸ். 2082, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை வாங்கக் கூடாது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு அமைந்த தாமல் போன்ற ஊர்களில் வெந்நீர் போடுவது ஒரு காலத்தில் புறக்கடை அடுப்பின் வேலை. தவலைக்கு அடியில் தென்னை மட்டையும் கொட்டாங்கச்சியும் எரியும். வசதியான வீடுகளில் நடுவே கரிக்குழாய் வைத்த செம்பு பாய்லர் இருக்கும். அவற்றின் வாய் திறந்தே இருந்ததால் ஆவி தானாகப் போய்விட்டது. கீசரில் தொட்டி மூடியிருக்கிறது, உள்ளே மின்சாரமும் இருக்கிறது. பராமரிப்பு வேண்டியிருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இன்னொரு சிக்கல் பருவம் சார்ந்தது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டியே வெந்நீர் தந்துவிடும். மாதக் கணக்கில் சும்மா கிடந்த கீசரைக் கார்த்திகைக் குளிரில் திடீரென்று போடுகிறார்கள். ஐப்பசி மழை தொடங்கும்போதே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய பைகார்பனேட்டுகள் சூடானதும் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீர் தினம் 30 லிட்டர் வீதம் 100 நாள் காய்ந்தால், 900 கிராம் உப்பு தொட்டிக்குள் வந்துபோகிறது. அதில் ஒரு பங்கு படிந்தாலே காயிலின் மேல் வெள்ளை ஓடு கட்டிவிடும். சூடு நீருக்குப் போக வழியில்லாமல் காயில் தனக்குள்ளேயே காய்ந்து, உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசியும். போட்டவுடன் உள்ளே ‘கடகட’வென்று சத்தம் கேட்பதும், வழக்கத்தைவிட நேரம் பிடிப்பதும் இதற்கு அடையாளம்.

சுத்தம் செய்ய எம்.சி.பி.யை இறக்கி, நீர் ஆறும்வரை காத்திருந்து, உள்வரும் குழாயின் வால்வை மூடித் தொட்டியை வடிக்க வேண்டும். காயில் தகட்டைக் கழற்றுவது எலக்ட்ரீஷியனின் வேலை. அதோடு வரும் மக்னீசியக் கம்பியை அவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் அரிபடுவதே அந்தக் கம்பியின் வேலை. பென்சில் போல மெலிந்திருந்தால் புதிது மாற்ற வேண்டும். காயிலில் ஒட்டிய உப்பை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்தால் போதும். கழிவறை ஆசிட்டை ஊற்றினால் அது காயில் உறையையும் சேர்த்து அரித்துவிடும். மறுபடி பூட்டி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும்.

அடுத்தது சேஃப்டி வால்வு. 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாகும் 15 லிட்டர் நீர், மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு விரிகிறது. நீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு வால்வு இருந்தால், அந்த மிகுதி சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்ட வேண்டும். இந்தச் சொட்டைக் கோளாறு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான ரிப்பேர் வேறில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் வேலை செய்யாத நாளில், தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த வால்வு ஒன்றுதான். நெம்புகோல் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை, நீர் ஆறியிருக்கும்போது, தூக்கிவிட்டு நீர் வருகிறதா என்று பார்க்கலாம்.

மூன்றாவது எர்த். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். பழைய வீடுகளில் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. சில இடங்களில் எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடலே ஷாக் அடிக்கும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துபோனால் அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைப் பொருத்தி, மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது. குழாயைத் தொடும்போது ‘சுருக்’கென்றால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய்தானே என்று இருந்துவிட முடியாது, உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும்.

வெப்பத்தை 60 டிகிரியில் வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அந்தச் சூட்டில் லெஜியோனெல்லா கிருமி தங்காது. ஆனால் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும் என்பதால் குழந்தைகளுக்குப் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, பிறகு வெந்நீர் கலக்க வேண்டும். 15 லிட்டரை 25இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம், 0.6 யூனிட் ஆகும். தினம் இருமுறை போட்டால் இரண்டு மாத பில்லில் சுமார் 73 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்ட 100 யூனிட்டில் இது ஏறக்குறைய முக்கால்வாசி.

வாடகை வீடுகளில் கீசருக்குப் பதிலாக வாளியில் போடும் ஹீட்டர் ராடு அதிகம். அதற்கான தர விதி ஐ.எஸ். 368. ராடை நீரில் குறியிட்ட மட்டம் வரை இறக்கிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். இரும்பு, அலுமினிய வாளி கூடாது. சூடு வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும்.