பதினொரு படுக்கையில் தொடங்கிய கணக்கு

"தொழில் தொடங்கப் போறேன்" என்று யாராவது சொன்னால், நம் மதுரைப் பக்கம் உடனே வருகிற கேள்வி, "முதலுக்கு என்னப்பா பண்ணப் போறே?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு மடித்து வைக்கப்பட்ட திட்டங்கள் நம் நண்பர்களிடம் எத்தனையோ உண்டு. அதற்குப் பதில் சொல்லிக் காட்டியவர் நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் என்பதால், அந்த வரலாற்றை இந்த மலரில் எழுதலாம் என்று தோன்றியது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1938-ல் நம் கல்லூரியில் வேதியியல் பட்டம், 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம், பிறகு ராணுவ சேவை. முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போன பிறகுதான் கண் மருத்துவம் படித்தார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். நம் கல்லூரி வாசலிலிருந்து கோரிப்பாளையம் சந்திப்பைத் தாண்டினால் பனகல் சாலையில் அரசு மருத்துவமனை. படித்த இடமும் பணிபுரிந்த இடமும் கூப்பிடு தூரம்.

1976-ல் ஓய்வு பெற்றதும், கோவெல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை அமைத்து, அண்ணா நகரில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆறு படுக்கை பணம் தர முடியாதவர்களுக்கு. ஐந்து படுக்கை ஓரளவு தர முடிந்தவர்களுக்கு. அறுபதை நெருங்கும் மனிதர், பாதிப் பேரிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார். எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது. தம்பி தங்கைகளின் சேமிப்பு வந்தது. குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. கல்யாணத்துக்குச் செய்வதை இவர்கள் மருத்துவமனைக்குச் செய்தார்கள்.

அடகு வைத்துத் தொடங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு, மூழ்கியவர்களும் உண்டு. இவர்கள் ஏன் மூழ்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1977-ல் 30 படுக்கை. 1978-ல் ஏழைகளுக்கென்றே 70 படுக்கை. 1981-ல் 250 படுக்கைகளோடு பிரதான மருத்துவமனை. 1984-ல் 350 படுக்கைகளோடு புதிய இலவச மருத்துவமனை. கட்டணம் செலுத்தியவர்களிடம் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அடுத்த கட்டடத்தில் போட்டார்கள். கண் முகாம் நடத்தும் செலவை லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் ஏற்றார்கள். கட்டுமானத்தையும் கணக்கையும் டாக்டரின் தம்பி ஜி. சீனிவாசன் கவனித்தார், கட்டட ஒப்பந்தக்காரரான அவருக்குச் செங்கல்லின் விலையும் தெரியும், வட்டியின் வலியும் தெரியும்.

நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பொறியியல் பக்கம் போன எனக்குப் பிடித்தது அறுவை அரங்கின் கணக்கு. அறை, மைக்ராஸ்கோப், டாக்டர் மூன்றும் சும்மா இருந்தாலும் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் அப்படியே திரும்பி அடுத்த கண்ணைப் பார்ப்பார். எண்ணிக்கை கூடக் கூட ஒரு கண்ணுக்கான செலவு குறையும். இலவச நோயாளியை இவர்கள் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. அந்தக் கூட்டம்தான் டாக்டர்களின் கைக்குப் பயிற்சி தந்தது. அந்தக் கைத்திறனை நம்பித்தான் கட்டணம் தருபவர்களும் வந்தார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. வெளிநாட்டு லென்ஸின் விலை சுமார் 100 டாலர். அதனால் பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஆனது. அமெரிக்காவின் சேவா அமைப்பும் டேவிட் கிரீன் என்பவரும் துணை நிற்க, 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. கட்டணத்தை ஏற்றியே சமாளித்திருக்கலாம். அவர்கள் செலவை இறக்குகிற வழியைத் தேடினார்கள்.

இதில் ஏட்டில் ஏறாத முதல் ஒன்றும் உண்டு. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி போன்றவர்கள், வெளியே போனால் கைநிறையச் சம்பாதித்திருக்கலாம் என்ற நிலையில், குறைந்த வருமானத்துக்கு ராப்பகலாய் உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு விலை போட்டுப் பார்த்தால், அடமானம் வைத்த வீடு சின்னத் தொகைதான். குடும்பத்தையே முதலாகப் போடுவது எல்லாருக்கும் கைகூடாது. எல்லாரிடமும் கேட்பதும் நியாயமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, புதுச்சேரி 2003 என்று கிளைகள் பரவின. டாக்டர் 2006-ல் மறைந்தார். 2010-ல் ஹில்டன் மனிதநேய விருது அரவிந்துக்குக் கிடைத்தது. சென்னை மருத்துவமனை 2017-ல் திறக்கப்பட்டது. நிறுவியவர் போன பிறகும் நிறுவனம் வளர்ந்தது என்பதுதான் கணக்கு சரி என்பதற்கு அத்தாட்சி.

ஆகவே நண்பர்களே, மடித்து வைத்த திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். பெரிய முதலுக்குக் காத்திருக்காமல், அதில் பதினொரு படுக்கை அளவுக்குச் சுருக்கக்கூடியது எது, அதன் மிச்சம் பன்னிரண்டாவது படுக்கைக்குப் போதுமா என்று கணக்குப் போடுங்கள். சீனியர்களான நாம், கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தருவதோடு நின்றுவிடாமல், நம் ஜூனியர் ஒருவரின் அந்த முதல் பதினொன்றுக்குக் கைகொடுத்தால், இந்தச் சங்கமத்துக்கு அதைவிடப் பெரிய பொருள் வேறு என்ன இருக்க முடியும்?