ஏறிய வலியா, இறங்கிய வலியா?

திருக்கழுக்குன்றம் மலைக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். செங்கல்பட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால், வேதகிரீஸ்வரரைத் தரிசித்து, இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அன்று இரவு நல்ல தூக்கம் வரும். மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் சிரமம். தொடை இரண்டும் கல்லாகக் கனக்கும். நாற்காலியிலிருந்து எழ முடியாது. 'உடம்பை அடித்துப் போட்டாற்போல இருக்கிறது' என்போம்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்த வலிக்கு இன்னொரு பெயரும் தெரியும்: கூர்பத்யூர். அந்தச் சொல்லைப் பிரித்தால் அதற்குள்ளும் 'அடிபட்ட' என்ற பொருள்தான் இருக்கிறது. பாஷை வேறானாலும் உடம்பு ஒன்றுதானே!

17ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்த டச்சுக்காரர்களும் இந்த மலை ஏறி, ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் தொடை வலித்திருக்கும். ஏன் வலிக்கிறது என்று அன்று சொல்ல ஆளில்லை.

முதலில் ஓரளவு சரியான விடை சொன்னவர் பாஸ்டன் நகரத்து தியோடர் ஹஃப். 1902இல் அவர், வேலை செய்யும்போதே வரும் அசதி வேறு, மறுநாள் வரும் வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னது தசைக்குள் உண்டாகும் சிறு கிழிசல்களால் வருவது என்றார். ஆனால் சில ஆண்டுகளில் லாக்டிக் அமிலம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரிதாகப் பேசப்பட்டன. எல்லா வலிக்கும் அமிலமே காரணம் என்று உலகம் நம்பிவிட்டது. உண்மையில் அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் அகன்றுவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?

1981இல் ஸ்வீடனில் ஃப்ரிதேன் குழுவினர் சிலரை மாடிப்படிகளில் ஓடி இறங்கவைத்து, அவர்களுடைய தசையில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நார்களின் உள்கட்டமைப்பு சில இடங்களில் குலைந்திருந்தது. 1983இல் லண்டனில் இன்னொரு சோதனை. ஒரு காலால் மட்டும் ஏறி, மறு காலால் மட்டும் இறங்கச் சொன்னார்கள். இறங்கிய காலில்தான் சேதம். ஏறிய காலில் இல்லை. ஹஃப் சொன்னது நிரூபணமாக 80 ஆண்டுகள் ஆயின!

இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால் சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் உடம்பு சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்த, தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையில்தான் நார் சேதமாகிறது.

சரி, வயதானால் இது ஆறுமா? 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர், தவளைத் தசையில் நாரை ஒட்டியே கிடக்கும் சிறு செல்களைக் கண்டுபிடித்தார். நார் சேதமானால் விழித்தெழுந்து பழுது பார்ப்பவை அவையே என்று பிறகு தெரிந்தது. வயது ஏற ஏற அவை குறையும், வேலையும் மெதுவாகும். எனவே வாலிபருக்கு மூன்று நாளில் ஆறுவது நமக்கு ஒரு வாரம் ஆகலாம். ஆனாலும் ஆறும். 1990இல் பாஸ்டனில், சராசரி 90 வயதுள்ள முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய கால்பலம் இரண்டு மடங்குக்கும் மேலானது.

மாறாக, 2007இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ சதை போய்விட்டது. மலையேறி வந்த வலிக்குப் பயந்து 'இனி நடையே வேண்டாம்' என்று உட்கார்ந்துவிடும் நம் வயதுக்காரர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். வலி போய்விடும், போன சதை அவ்வளவு சுலபத்தில் திரும்பாது.

ஆகவே நண்பர்களே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். வலி வந்தால் இரண்டு மூன்று நாள் பளுவான வேலை வேண்டாம். வீட்டுக்குள்ளும் தெருவிலும் மெதுவாக நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். பருப்பு, சுண்டல், பால், முட்டை, மீன் இவற்றில் உங்களுக்கு ஒத்துக்கொள்வதை வேளைக்கு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். வலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஒருமுறை இறங்கிப் பழகிய தசைக்குச் சில வாரங்கள் வரை அதே வேலை அவ்வளவு வலி தராது என்பதும் ஆராய்ச்சியில் கண்டதுதான். வலி தீர்ந்ததும் முதலில் பத்துப் படி, பிறகு இருபது என்று தொடருங்கள்.

சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, எழுந்து நிற்கவே பலமில்லாமல் போனாலோ, அது சாதாரண வலி அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.