இரண்டு விமானம் ஒன்றான கதை



பொம்மை விமானப் பெட்டி இரண்டு கிடைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதன் இறக்கையை அதன் உடம்பில் ஒட்டி, உலகத்திலேயே இல்லாத விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "காசு போட்டு வாங்கினதைக் கெடுத்துட்டியேடா!" என்று நாம் ஏசுகிறோம். நானும் ஏசியவன்தான். ஆனால் சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

1941-இல் சீனாவில் ஜப்பானியர் போட்ட குண்டு ஒரு டிசி-3 விமானத்தின் இறக்கையை நொறுக்கியது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. ஹாங்காங்கிலிருந்து டிசி-2 விமானத்தின் இறக்கையைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அது 5 அடி குட்டை. ஆனாலும் பறந்தது! அதற்கு 'டிசி-இரண்டரை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியாவிலும் நடந்தது. 1945-இல் போர் முடிந்ததும், பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திக் கான்பூரில் போட்டுவிட்டது. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, சுமார் 40 விமானங்களை உயிர்ப்பித்தார்கள். முதலில் தயாரானவற்றைக் கொண்டு 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி அமைந்தது. 1968 வரை லிபரேட்டர்கள் இந்திய விமானப்படையில் பறந்தன.

நம் கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்கு இது புதிதா? இரண்டு ஓட்டைச் சைக்கிளைக் கழற்றி ஒரு நல்ல சைக்கிள் பூட்டிய கைகள்தானே நம் அப்பாமார் கைகள்!

ஆகவே, பிள்ளை ஒட்டியதைக் கையில் வாங்கிப் பாருங்கள். "எப்படிய்யா பூட்டினே?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில்தான் படிப்பு இருக்கிறது.